தாத்தாவின் ஓடமும் வால்நட் நிறமும்

மூன்று நாள்களாக அந்த ஓடத்தின் கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், இப்போது மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையில், செங்கல் அடுக்கி அதன்மேல் சாக்கு விரித்து ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். சுரண்டியின் வாயில் கறுப்புத் தோல் சுருள் சுருளாக எழும்பி வந்தது. சில இடங்களில் தார்போல ஒட்டிக்கொண்டு, தகட்டைச் சூடுபடுத்தினால்தான் விட்டது. நான்காம் நாள் காலையில், ஓலைச் சந்து வழியே விழுந்த வெயிலில் அதன் அடிவயிறு முழுக்கத் தேன் நிறத்தில் தெரிந்தபோது, அறுபது ஆண்டு அழுக்கைக் களைந்துவிட்டேன் என்ற பெருமிதத்தில் படம் எடுத்து உறவினர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். அன்று மாலை, வீராம்பட்டினத்திலிருந்து வேறு வேலையாக வந்திருந்த பெரியவர் ஒருவர், ஓடம் என்றதும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. கீழே குவிந்திருந்த சுருள்களில் ஒன்றைக் குனிந்து எடுத்து, விரல்களுக்கிடையே நசுக்கி, முகர்ந்து பார்த்தார்.

“இது அழுக்கு இல்ல தம்பி. எண்ண. வருஷா வருஷம் யாரோ பாத்துப் பாத்துத் தடவியிருக்காங்க. அத்தனையும் வழிச்சிட்டியே” என்றார்.

அந்த ஓடம் எங்கள் ஊரில் பிறந்ததன்று. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்கும் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறிய பிறகு, அம்மாவைப் பெற்ற தாத்தா அரசு எழுத்தராகச் சில ஆண்டுகள் மாஹேயில் வேலை பார்த்தார். 600 கிலோமீட்டருக்கும் அப்பால், மலையாளக் கரையில் இருக்கும் ஊருக்குப் புதுச்சேரியிலிருந்து மாற்றல் கிடைப்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்கு ஒரு கதை. திரும்பி வரும்போது சிலர் பலாப்பழ அல்வா கொண்டுவந்தார்கள், சிலர் மருமகளைக் கொண்டுவந்தார்கள். தாத்தா கூட்ஸ் வண்டியில் வைக்கோல் சுற்றி ஓர் ஓடத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் வாங்கும்போதே அது பழையது என்று பாட்டி சொல்வார். 14 அடி நீளம், நடுவில் இரண்டரை அடி அகலம், ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. பலகை ஒட்டுக் கிடையாது. உட்பக்கம் கையை வைத்துத் தடவினால் மரம் செதுக்கும் வாய்ச்சி விழுந்த பள்ளங்கள் மீன் செதில்போல வரிசையாக இன்றும் தட்டுப்படும். தாத்தா காலமாகும்வரை அரியாங்குப்பம் ஆற்றில் தேங்காய்த்திட்டுப் பக்கமாகத் தூண்டிலோடு போய் வந்தார். அதற்குப் பிறகு ஓடம் கொட்டகைக்கு வந்தது, வைக்கோல் தாங்கியது, கோழி அடைந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய காலையில் கொட்டகைக் கூரை பறந்து, தென்னை மரம் ஒன்று அதன் பின்பக்கத்தில் விழுந்து ஒரு முழம் நீளத்துக்கு வெடிப்பு உண்டாக்கியது.

பெரியவர் சொன்னதை அன்று நான் முழுதாக ஏற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரம் அழகாக வெளியே வந்துவிட்டது, இனி நிறம் ஏற்றினால் போதும் என்ற அவசரத்தில் இருந்தேன். மர வேலையில் ஆசை மட்டும் உள்ளவர்களுக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும். ஆசாரிகளுக்கு அது கடைசியில்தான் வரும்.

கடையில் வால்நட் நிறச் சாயம் ஒரு லிட்டர் டப்பா வாங்கினேன். 60-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 100, 150 என்று தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு சனிக்கிழமை காலை முதல் பூச்சைப் பூசினேன். பத்து நிமிடத்தில் கதை கந்தலாகிவிட்டது. முன்தலையும் பின்தலையும் கரி பூசினாற்போலக் கறுத்தன. நடு வயிற்றில் சில இடங்களில் சாயம் பிடிக்கவே இல்லை, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போலத் திரண்டு நின்றது. மீதி இடமெல்லாம் தேமல் படர்ந்த உடம்பு. மேலும் ஒரு பூச்சுப் பூசினால் சமமாகிவிடும் என்று நினைத்து, மதியம் இரண்டாவது பூச்சும் போட்டேன். தேமல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இது ஏன் நடந்தது என்பதைப் பிறகு பொறுமையாக யோசித்தேன். கடையில் விற்கும் எண்ணெய்ச் சாயங்களில் பெரும்பாலும் நுண்ணிய நிறமித் துகள்கள்தான் இருக்கின்றன. அவை மரத்துக்குள் கரைந்து போவதில்லை, மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் கீறிய கீறல்களிலும் போய் உட்காருகின்றன. எனவே துளை எங்கே திறந்திருக்கிறதோ அங்கே நிறம் கூடும், துளை எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே நிறம் நிற்காது. மரத்தண்டு என்பது குழாய்களைக் கட்டி வைத்த கட்டுப்போன்றது. பலகையின் பக்கவாட்டில் அந்தக் குழாய்களின் முதுகுதான் தெரியும். குறுக்கே வெட்டிய முகமான வெட்டுவாயிலோ குழாய்களின் வாய் நேராகத் திறந்திருக்கும். குடைந்த ஓடத்தில் முன்தலையையும் பின்தலையையும் கூராக்கச் செதுக்கியிருப்பதால் அங்கெல்லாம் வெட்டுவாய் வந்துவிடுகிறது. அது சாயத்தை உறிஞ்சிக் குடிக்கிறது. நடுப்பகுதியிலோ, நான் தோலைத்தான் சுரண்டியிருந்தேனே தவிர, மரத்துக்குள் ஊறியிருந்த பழைய எண்ணெய் அப்படியே இருந்தது. பெரியவரின் மூக்கு முன்பே சொன்னதை என் டப்பா இப்போது வேறு விதமாகச் சொன்னது.

புதுச்சேரியில் பழைய மரச்சாமான் கடைகள் ஏராளம். பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலி, அலமாரி, மேசை எல்லாவற்றையும் புதுப்பித்து விற்கும் அந்தக் கடைகளை நம்பிப் பிழைக்கும் பாலிஷ் ஆசாரிகள் கைதேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் ஓடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, விரலால் தேமலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சார், சாமானா வைக்கப் போறீங்களா, தண்ணியில விடப் போறீங்களா?” என்று கேட்டார். அதுவரை இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொள்ளவில்லை. கூடத்தில் மாட்டி வைப்பதானால் அவர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் பத்திருபது கைத் தடவித் தடவிக் கண்ணாடிபோல ஆக்கித் தந்துவிடுவார். அந்தப் பாலிஷ் ஈரத்தைத் தாங்காது. ஈரமான தம்ளரைச் சற்று நேரம் வைத்தாலே வெள்ளை வட்டம் விழுந்துவிடும். “தண்ணியில விடறதுன்னா என் வேலை இல்ல சார்” என்று சொல்லி, நான் கொடுத்த கூலியையும் வாங்காமல் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

தண்ணீரில்தான் விட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவு வந்த பிறகு ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

முதலில் வார்னிஷ் கழிந்தது. படகுக்கென்றே விற்கும் வார்னிஷ் நல்ல பொருள்தான். பாய்மரத் தண்டு காற்றில் வளையும்போது வெடிக்காமல் கூடவே வளைவதற்காக எண்ணெய் அதிகம் சேர்த்துச் செய்யப்பட்டது, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதில் உண்டு. ஆனால் அது மரத்தின்மேல் ஒரு படலமாக நிற்கிறது. குடைந்த ஓடமோ பலகைப் படகைப்போலத் துண்டு துண்டாக அசைவதில்லை. ஒரு முழு மரமே ஒன்றாக உப்பிச் சுருங்குகிறது. அதிலும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை; வளையங்களைச் சுற்றிப் போகும் திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உருண்டையான மரத்தைக் குடைந்து செய்த சுவரில் இரண்டு திசையும் பின்னிக் கிடப்பதால், வெயில் ஏறினால் விளிம்புகள் ஒரு பக்கம் இழுக்கும், தண்ணீரில் விட்டால் மறுபக்கம் தளரும். அந்த அசைவில் படலம் எங்காவது மயிரளவு பிளந்தால், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது.

இதே காரணத்தால்தான் ஃபைபரும் கழிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஃபைபர் படகுகள் பெருகி, கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் போனால் ரெசினும் கண்ணாடிநார்த் துணியும் வாங்குவது எளிது. “மேல ஒரு லேயர் போட்டுட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல” என்று அங்கே ஒருவர் சொன்னார். ஓடத்தின் ஆயுளுக்கா, அந்த ஃபைபரின் ஆயுளுக்கா என்று நான் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் மரம் மூச்சு விட முடியாமல் ஊறி இற்றுப்போனாலும் வெளியே வழவழவென்றே தெரியும். விவரம் தெரியும்போது ஃபைபர் ஓடம் ஒன்றும் அதற்குள் மரத்தூளும் மிஞ்சும்.

பிறகு மரம் எது என்று தெரிந்துகொண்டேன். மலையாளக் கரையில் ஆஞ்சிலி என்றும் தமிழில் அயினி என்றும் சொல்லப்படும் மரம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது, பலாவுக்குத் தம்பி முறை. பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பலாப் பலகையில் செய்த பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும், ஆண்டுகள் போகப்போக வெளிச்சமும் காற்றும் பட்டுச் செம்பழுப்பாகிவிடும். அயினியும் அப்படியே. வெளிச்சத்தில் வைத்தால் தானே வந்து சேர்ந்துவிடும் நிறத்தை, நான் ஒரு லிட்டர் டப்பா வாங்கி, ஒரே சனிக்கிழமையில் ஏற்றிவிடப் பார்த்திருந்தேன்.

சாயத்தை எடுப்பதுதான் பெரும்பாடு. தின்னரால் துடைத்தபோது மேலிருந்தது வந்தது. துளைக்குள் போனது வரவில்லை. மீண்டும் 80-ஆம் எண் உப்புத்தாள். இரண்டு வார மாலைகள் போயின. முன்தலையின் வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் எத்தனை தேய்த்தாலும் வால்நட்டாகவே நின்றது. அதற்கு மேல் தேய்த்தால் பழைய வாய்ச்சிப் பள்ளமும் மறைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். தாத்தா என்றோ அடித்த இரும்பாணிகளைச் சுற்றி மை கொட்டியது போன்ற கறைகள் இருந்தன. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாகும் கறுப்பு அது. பழைய முறையில் மை காய்ச்சுவதும் இதே வேதியியல்தான். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட் உப்பை வெந்நீரில் கரைத்துப் பூசினேன். அரை மணி நேரத்தில் மை வெளிறி, மரம் தெரிந்தது. அதன் பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அந்த உப்பு நஞ்சு. அவற்றுக்குப் பதில் செம்பு ஆணிகளை அடித்தேன்.

கழுவிய பிறகு உலர விட்டதில் ஒரு தவறு செய்ய இருந்தேன். சித்திரை வெயில் நன்றாகக் காய்ந்ததால் முற்றத்தில் தூக்கி வைத்துவிடலாம் என்று ஆள் கூட்டிவிட்டேன். சேதி கேட்டுப் பெரியவர் தொலைபேசியில் சத்தம் போட்டார். குடைந்த மரத்தைக் கத்திரி வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் இருக்கும்போதே வாய் பிளந்துவிடும். நிழலில் வைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு, அந்தச் சாக்கையும் நாள் செல்லச் செல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்வீடனில் 1628-இல் மூழ்கி 1961-இல் வெளியே எடுத்த வாசா என்ற கப்பலை உலர்த்த, மரத்துக்குள் மெழுகு போன்ற ஒரு சரக்கைப் பதினேழு ஆண்டுகள் தெளித்தார்கள். எனக்கு இரண்டு மாதமும் எட்டுச் சாக்கும் போதுமானதாக இருந்தன.

வெடிப்பை அடைக்கவும் ரெசின் வேண்டாம் என்றே முடிவு செய்தேன்; கல்போல இறுகும் சரக்கை அசையும் மரத்தில் வைத்தால், பக்கத்தில் இன்னொரு வெடிப்பு பிறக்கும். நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிப் பொடித்து, எண்ணெயில் உருக்கி, பஞ்சுத் திரியை அதில் தோய்த்து, மழுங்கிய உளியால் திரி திரியாகத் திணித்தேன். சாமி அறை வாசனையில் கொட்டகை மூன்று நாள் மணத்தது. ஆறிய பிறகு குங்கிலியம் இறுகியும் இருக்கும், நகம் பதிந்தால் இலேசாக இடமும் கொடுக்கும்.

கடைசியில் எண்ணெய்க்கு வந்தேன். பெரியவர் முகர்ந்து சொன்ன எண்ணெய், முந்திரி ஓட்டு எண்ணெய். கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் இருக்கும் கருஞ்சிவப்புச் சாறு அது. மீனவர்கள் மரத்துக்கும் வலைக்கும் நெடுங்காலமாகப் பூசி வந்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும், பெயர் புழு என்றாலும் அது சிப்பிக்கு உறவு, பூஞ்சையும் அண்டத் தயங்கும் காரம் அதில் இருக்கிறது. பூசியபின் காற்றில் மெல்ல இறுகித் தோலாகிறது. அதன் நிறமே கருஞ்சிவப்பு. ஆண்டுதோறும் ஒரு கை ஏறும்போது கறுத்துக்கொண்டே போகும். நான் தனித்தனியாகத் தேடிய இரண்டும், நிறமும் காப்பும், ஒரே டப்பாவில் பண்ருட்டிச் சாலையில் காடாம்புலியூர்ப் பக்கம் கிடைத்தன. என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம்.

அந்தக் காரம் மனிதத் தோலையும் விடாது. முந்திரி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைச் சாறு பட்ட கையைப் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முந்திரி உடைக்கும் பெண்கள் சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் பூசிக்கொண்டு உட்காருவது இதற்காகத்தான். அப்படியும் அவர்கள் விரல்கள் கறுத்துத்தான் இருக்கும். நான் கையுறை போட்டேன், ஆனால் முழங்கைக்கு மேல் சட்டையை மடித்து விட்டிருந்தேன். மறுநாள் காலை அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளம் வரிசை கட்டியது. ஒரு வாரம் கையைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன்.

அதனால் உட்புறத்துக்கு, ஆள் உட்காரும் இடத்துக்கு, முந்திரி எண்ணெய் வேண்டாம் என்று ஆளிவிதை எண்ணெய்க்குப் போனேன். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு என்று கேட்டால் தருவார்கள். உலர்த்தும் உலோக உப்புச் சேர்ந்தது, பச்சை எண்ணெயைப்போல வாரக்கணக்கில் பிசுபிசுக்காது. முதல் கை டர்பன்டைனில் சரிபாதி கலந்து பூச வேண்டும், அப்போதுதான் ஆழமாக இறங்கும். அரை மணி நேரம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் முழுதாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெய் ஈப்பிடிக்கும் பசையாகக் கிடக்கும். அந்தத் துணிகளை நான் சுருட்டி ஒரு வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் என் மனைவி, “என்னங்க, கொட்டகையில ஏதோ கருகுற வாடை வருது” என்றாள். வாளியின் நடுவிலிருந்து நூலளவு புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கை வைக்க முடியாத சூடு. யாரும் நெருப்பு வைக்கவில்லை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போதே வெப்பத்தை விடுகிறது, குவியலுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்கிறது. மேலே ஓலைக்கூரை. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் தண்ணீரில் நனைத்துக் கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுகிறேன். விருந்தாளிகள் துவைத்த துணி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளிப்புறத்துக்கு முந்திரி எண்ணெய் மூன்று கை ஏறியது. ஒவ்வொரு கைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டேன். ஐப்பசி கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும்போது எதுவும் காயாது என்பதால் மழைக்காலம் முழுக்க மூடி வைத்துவிட்டுத் தை பிறந்த பிறகு மூன்றாவது கையைப் பூசினேன். நிறம் இப்போது பழைய கறுப்பு இல்லை. வெல்லப்பாகு நன்றாகக் காய்ந்து இறக்குவதற்குச் சற்று முந்தைய நிறம். வெட்டுவாய் உள்ள முன்தலை கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. சாயம் பூசியபோது அசிங்கமாகத் தெரிந்த அதே வேறுபாடு, எண்ணெயில் பார்க்கும்போது இயல்பாகத் தெரிகிறது. இது என் கண்ணின் ஓரவஞ்சனையாகவும் இருக்கலாம்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்பு, நான்கு பேர் சுமந்து கொண்டுபோய் ஆற்றில் இறக்கினோம். முதல் அரை மணி நேரம் வெடிப்பு இருந்த பக்கம் உள்ளே தண்ணீர் கசிந்து, வாய்ச்சிப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நிறைந்தது. நான் கொட்டாங்குச்சியால் இறைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு மரம் உப்பி, கசிவு நின்றது. பெரியவர் வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து, துடுப்பைக் கையில் எடுப்பதற்கு முன், முன்தலையின் வலப்பக்கத்தில் உள்ளங்கை அகல இடத்தைத் தடவினார்.

“இங்க மட்டும் என்னா வேற நிறம்?”

“வால்நட்” என்றேன்.

“அது என்னா மரம்?”

“அக்ரூட் மரம். காஷ்மீர்ப் பக்கம் இருக்கும்.”

அவர் ஓடத்தை ஒரு முறை பார்த்தார், என்னையும் ஒரு முறை பார்த்தார். “சரி, ரெண்டு மூணு வருஷம் எண்ண ஏறினா மூடிக்கும்” என்று சொல்லி, துடுப்பைத் தண்ணீரில் போட்டார்.